வளைவில் ஒற்றைக் கோடு

நவம்பர் 9, ஞாயிறு

காலையில் வண்டியை ஜாக்கியில் ஏற்றிப் பின் அச்சைப் பிரித்தேன். வேணி ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள். போன வருடம் வரை அவளும் என்னோடு அடியில் படுத்துக்கொள்வாள். இப்போது கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை என்கிறாள். எனக்கும்தான் முடியவில்லை. வாரம் முழுக்கக் கோயம்புத்தூர் கணபதியில் பல்சக்கரம் வெட்டும் கம்பெனியில் நின்றுகொண்டே அளவு பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை இந்த வண்டிக்கு அடியில் படுக்கிறேன்.

இது எட்டு சிலிண்டர் அமெரிக்க வண்டி. மஞ்சள் நிறம், இரண்டே கதவு, முன்பக்கம் யானை மாதிரி கனம். ஒரு எஸ்டேட் பங்களாவின் கொட்டகையில் இதற்குள் கோழி அடைத்து வைத்திருந்தார்கள். நாங்கள் வாங்கி உயிர் கொடுத்தோம். ஓட்டுவது கமலவேணி, ரிப்பேர் பார்ப்பது நான். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் எல்லா வண்டிக்கும் இதே ஏற்பாடுதான். அவள் சாயிபாபா காலனியில் பெண்களுக்கு டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள்.

கோத்தகிரிக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் வருடா வருடம் ஜனவரியில் பழைய கார்க்காரர்கள் கூடுவார்கள். எஸ்டேட்டின் சொந்த ரோடு. ஒவ்வொரு வண்டியாக மேலே ஏறும், யார் சீக்கிரம் என்று பார்ப்பார்கள். போன வருடம் கொண்டை ஊசி வளைவுகளில் உள்பக்கத்துப் பின் சக்கரம் சும்மா சுற்றிப் புகை கக்கியது. வண்டி நகரவில்லை. எஞ்சின் இழுப்பைப் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் சாதாவாக இருந்தால் அதுதான் நடக்கும். எந்தச் சக்கரத்துக்குப் பிடிப்பு இல்லையோ அதற்கே எஞ்சினின் பலமெல்லாம் ஓடிப் போய்விடும். அதைத் தடுக்கிற லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் வேண்டும் என்று அப்போதிருந்தே வேணி சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

முதுகு வலிக்கிறது. படுக்கப் போகிறேன்.

நவம்பர் 12, புதன்

பெர்மிஷன் போட்டுவிட்டு உக்கடத்தில் ரியாஸ் பட்டறைக்குப் போனேன். இந்த ஊரில் டிஃபரென்ஷியல் வேலைக்கு அவனை விட்டால் ஆளில்லை. என்ன போடலாம் என்று டீ குடித்துக்கொண்டே பேசினோம்.

"லாக்கர் வேண்டாம்ங்ணா. ரெண்டு சக்கரத்தையும் ஒண்ணாப் பூட்டீரும். நேர் ரோட்டுல பறக்கலாம். வளைவுல நடுவழில பூட்டுச்சுன்னா வால் பக்கம் ஒரு உதை விடும், தேயிலைக்குள்ளதான் போய் நிப்பீங்க."

"கியர் டைப்?"

"அது மெதுவா, சத்தமில்லாம வேலை செய்யும். தேய்மானமும் கிடையாது. ஆனா ஒரு சக்கரம் தரையை விட்டுத் தூக்கிருச்சுன்னா அது கைய விரிச்சிரும். உங்க வண்டி ஊசி வளைவுல உள்சக்கரத்தைத் தூக்குதுன்னு அக்கா சொன்னாங்களே."

"தூக்குது."

"அப்ப பிளேட் டைப்தான். உள்ள பிளேட்டுங்களை அடுக்கி ஸ்பிரிங் வச்சு அமுக்கியிருக்கும். எவ்வளவு இறுக்கணும்னு நம்ம இஷ்டத்துக்கு வச்சுக்கலாம். ஒண்ணுதான். சக்கரம் ரெண்டும் சேர்ந்து இழுக்கறப்ப நல்லாருக்கும், சேர்ந்து வழுக்குச்சுன்னா பின்னாடி மொத்தமா வெளிய போயிரும். அதனால ஆக்சிலேட்டரை ஒரு நூல் கூட்டறது, ஒரு நூல் குறைக்கறதுன்னு ஓட்டணும். எல்லாம் கால்லதான் இருக்கு." டம்ளரைக் கீழே வைத்தான். "அக்கா கால் எப்படிங்ணா?"

"பட்டு மாதிரி" என்றேன்.

பிளேட் டைப்புக்குச் சொல்லிவிட்டு வந்தேன்.

நவம்பர் 13, வியாழன்

காலை ஷிப்ட். வீட்டுக்கு வந்தால் ஹாலிலிருந்து சமையல்கட்டு வரை தரையில் சிவப்புப் பொட்டுகள். வேணி டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். துணி நனைத்துத் துடைத்தேன். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். குங்குமம் கொட்டியிருந்தது என்றேன்.

நவம்பர் 23, ஞாயிறு

பிளேட் டைப் மாட்டியாயிற்று. தனி எண்ணெய் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் மெதுவாகத் திருப்பும்போது பின்னாடி கடகடவென்று பல் கடிக்கும். ஊற்றியும் கடிக்கிறது. பிளேட் பழகும் வரை அப்படித்தான் இருக்குமாம்.

காளப்பட்டி தாண்டி ஒரு காலி லே-அவுட்டில் எட்டுப் போட்டுப் பழக்கினோம். முதல் நாளே வேணிக்குப் பிடித்துவிட்டது. "கேட்டதைக் குடுக்குதுங்க" என்றாள். அவள் முகத்தில் இப்படி ஒரு தெளிச்சியைப் பார்த்து வெகுநாளாகிறது.

நவம்பர் 30, ஞாயிறு

எஸ்டேட் ரோட்டில் முதல் பயிற்சி. விடிகாலையில் கிளம்பினோம், பனி. போட்டி நாளில் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரலாம். ஆனால் எனக்குத் தலை சுற்றும். வெளியில் நின்று பார்ப்பதுதான் வழக்கம்.

இரண்டாவது வளைவில் வண்டி பம்பரமாகச் சுற்றிவிட்டது. வந்த திசையையே பார்த்து நின்றது. ஒரு முழம் தள்ளிப் போயிருந்தால் சரிவு. நான் ஓடினேன். வேணி இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"ரொம்ப இறுக்கமா இருக்குதுங்க. விட்டதுக்கப்புறமும் தள்ளுது" என்றாள்.

"காலை எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன். எடுக்காம என்ன."

நான் வெளியிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். வண்டி சுற்றும்போதும் எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. எதிரொலியாக இருக்கலாம். மலையில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது.

திரும்பும் வழியில் டீக்கடையில் நிறுத்தினோம். வீட்டுக்கு வந்து இறங்கினால் வேணியின் வலது காலில் செருப்பு இல்லை. டீக்கடையிலேயே கழன்றிருக்கிறது. அவ்வளவு தூரம் வெறுங்காலோடு ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். மறதி அதிகமாகிவிட்டது என்று சிரித்தாள். எனக்கும் மறதிதான்.

டிசம்பர் 3, புதன்

ரியாஸிடம் கொண்டு போய் ஸ்பிரிங்கைத் தளர்த்தினோம். இதற்கு மேல் தளர்த்தினால் வைத்தும் பிரயோஜனமில்லை என்றான்.

டிசம்பர் 7, ஞாயிறு

மறுபடியும் எஸ்டேட். மறுபடியும் வால் வெளியே போயிற்று, இரண்டு தடவை. இரண்டாவது தடவை தேயிலைச் செடி நாலைந்தை முறித்துக்கொண்டு நின்றது. பின் பம்பர் வளைந்தது. அவளுக்கு ஒன்றுமில்லை.

"நான் வெளிய நின்னு பாக்கறேன், நீங்க ஒரு தடவை ஓட்டுங்க. சக்கரம் என்ன பண்ணுதுன்னு தெரியணும்" என்றாள்.

நான் இந்த வண்டியைத் தெருமுனைக்கு மேல் ஓட்டியது குறைவு. பயந்துகொண்டேதான் எடுத்தேன். முதல் வளைவில் மெதுவாக. இரண்டாவதில் கொஞ்சம் கூட்டினேன். பின்பக்கம் வழுக்கத் தொடங்குவது செருப்பு வழியாகவே தெரிந்தது, பெடலில் மெல்லிய நடுக்கமாக. துளி விட்டேன். வண்டி பிடித்துக்கொண்டு, கைப்பிடித்துக் கூட்டிப் போவது மாதிரி வளைவைத் தாண்டி விட்டது. மூன்றாவதிலும் அப்படியே. இவ்வளவு நல்ல வண்டியை நான் ஓட்டியதில்லை.

இறங்கி நடந்து வந்தேன். வேணி கேட்டாள். "எப்படி இருந்துச்சு?"

"எனக்கும் ஆடுச்சு" என்றேன். "டிஃபரென்ஷியல்தான் சரியில்லை."

அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "நான்தான் சொன்னேனே" என்றாள்.

டிசம்பர் 10, புதன்

டிரைவிங் ஸ்கூலில் வேலை செய்யும் ஜெனிட்டா கம்பெனி வாசலில் நின்றிருந்தது. வேணியிடம் ஓட்டக் கற்றுக்கொண்டு அங்கேயே டீச்சராகச் சேர்ந்த பெண்.

"அங்கிள், அக்காகிட்ட நான் சொன்னேன்னு சொல்லீராதீங்க. அக்கா தீபாவளியிலிருந்து கிளாஸ் எடுக்கறதில்லை. எல்லா ஸ்டூடண்ட்டையும் எனக்கே விட்டுட்டாங்க."

"ஏன்?"

"கத்துக்கற பொண்ணு ஒண்ணு ஸ்கூட்டர் மேல ஏத்தப் பாத்துச்சு. அக்கா சைடுல இருக்கற பிரேக்கை மிதிக்கணுமில்லீங்களா. மிதிச்சேன்னுதான் சொல்றாங்க. ஆனா கால் பக்கத்துல வெறும் தரைமேல இருந்துச்சு. அந்தப் பொண்ணே ஹேண்ட்பிரேக்கை இழுத்துருச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகலை." கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே சொன்னது. "அன்னைக்கே அக்கா சாவியை என் கையில குடுத்துட்டாங்க."

முட்டிவலி இருக்கிறது, அதனால் இருக்கும் என்றேன். ஜெனிட்டா தலையை ஆட்டியது. நான் சொன்னதை அது நம்பவில்லை.

வீட்டில் புளிக்குழம்பு. நன்றாக இருந்தது என்றேன். கிளாஸ் எப்படிப் போயிற்று என்று கேட்டேன். "இன்னைக்கு மூணு புது அட்மிஷன்" என்றாள்.

டிசம்பர் 14, ஞாயிறு

பிளேட் டைப் வேண்டாம், கியர் டைப் போடலாம் என்கிறாள் வேணி. அது மெதுவாகப் பிடிக்கும், உதைக்காது. உள்சக்கரம் தூக்குவதை, வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங்கை மாற்றிச் சரிக்கட்டிக்கொள்ளலாமாம். ஒரு மணி நேரம் பேசினாள். எல்லாம் சரியாகத்தான் பேசுகிறாள். கியர் டைப்பிலும் இரண்டு சக்கரமும் சேர்ந்துதான் இழுக்கும், கூட மிதித்தால் சேர்ந்துதான் வழுக்கும் என்று நான் சொல்லவில்லை. சரி என்றேன்.

டிசம்பர் 16, செவ்வாய்

ரியாஸிடம் கியர் டைப் இல்லை. வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும், போட்டிக்குள் வராது.

"பழசையே திரும்ப மாட்டிரலாம்" என்றேன்.

"சாதாவையா? மறுபடி ஒரு சக்கரம் சும்மா சுத்தும்ங்ணா."

"சுத்தட்டும்."

சாதாவில் எவ்வளவு முரட்டுத்தனமாக மிதித்தாலும் உள்சக்கரம் மட்டும்தான் சுற்றும். வெளிச்சக்கரம் தன் பிடியை விடாது. வண்டி வேகமாகப் போகாது, அவ்வளவுதான். பின்பக்கம் பறக்காது.

ரியாஸ் கையைத் துணியில் துடைத்தான். "அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிக்கிறேன்."

டிசம்பர் 18, வியாழன்

லீவு போட்டு மாட்டினேன். கியர் டைப் வந்துவிட்டது, மாட்டியாயிற்று என்று வேணியிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு எனக்குப் பிடித்த அரிசிம்பருப்பு சாதம் செய்தாள்.

டிசம்பர் 21, ஞாயிறு

மூன்று தடவை ஏறினாள். ஒரு தடவைகூட வண்டி சுற்றவில்லை. உள்சக்கரம் கிறீச்சிட்டது, புகைந்தது, வண்டி மெதுவாகத் தவழ்ந்து ஏறியது. மூன்று வாரத்தில் முதல் தடவையாக நான் சரிவுப் பக்கம் பார்க்காமல் நின்றேன்.

மூன்றாவது தடவை மேலே போனவள் இறங்கி வர நேரமாயிற்று. நான் நடந்து ஏறினேன். இரண்டாவது வளைவில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நடுரோட்டில் நின்று தார்ச்சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டயர் தேய்ந்த கருப்புக் கோடு வளைவு நெடுக விழுந்திருந்தது.

"ஒரு கோடுதான் இருக்குது" என்றாள்.

நானும் குனிந்து பார்த்தேன்.

"கியர் டைப்பா இருந்தா ரெண்டு சக்கரமும் சுத்தணும். ரெண்டு கோடு விழணும். போன தடவை விழுந்தது அதோ அங்க கெடக்குது, ரெட்டைக் கோடு. இது ஒத்தைக் கோடு." திரும்பி என்னைப் பார்த்தாள். "பழசையே போட்டிருக்கீங்க."

"ஆமா."

"ஏன்?"

காற்றில் ரப்பர் நெடி. கீழே கொழுந்து பறிக்கிறவர்கள் யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது. அவள் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. சாவியை என்னிடம் நீட்டினாள். கோயம்புத்தூர் வரைக்கும் நான்தான் ஓட்டினேன்.

டிசம்பர் 22, திங்கள்

பேச்சில்லை.

டிசம்பர் 24, புதன்

தோசை. பேச்சில்லை. பக்கத்து வீட்டில் கேக் கொடுத்தார்கள். இரண்டு துண்டாக வெட்டி என் பங்கை மேஜைமேல் வைத்திருந்தாள்.

டிசம்பர் 26, வெள்ளி

சாயங்காலம் கம்பெனியிலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"எப்ப தெரிஞ்சுது?"

"செருப்பு தொலைஞ்ச அன்னைக்கு. அதுக்கு முந்தியே இருக்கும்."

"எனக்கு ஆடி மாசத்துலிருந்தே இருக்குதுங்க. தரை பஞ்சு மாதிரி இருக்குது. கால் எங்க இருக்குதுன்னு பாத்தாத்தான் தெரியுது." சுடிதார் நுனியை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். "ஆக்சிலேட்டரைச் சத்தத்தை வச்சுத்தான் மிதிக்கறேன். எஞ்சின் ஏறுனா மிதிச்சிருக்கேன், இறங்குனா விட்டிருக்கேன். நேர் ரோட்டுல அது போதும். வளைவுல டயர் சத்தம், மலைச் சத்தம் எல்லாம் சேர்ந்துக்கும். ஒண்ணும் தெரியறதில்லை."

"டாக்டர்கிட்ட..."

"போனா என்ன சொல்லுவாங்கன்னு தெரியும். பன்னெண்டு வருஷமா சுகர் இருக்குது எனக்கு. ஓட்டக் கூடாதும்பாங்க. வேற எனக்கு என்னங்க தெரியும்?"

கழற்றிய ஷூவை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

"நீங்க கேட்டிருக்கலாம்" என்றாள்.

"நீ சொல்லியிருக்கலாம்."

"உங்களுக்கும் ஆடுச்சுன்னு சொன்னீங்களே, அன்னைக்கு. வெளிய நின்னு பாத்துட்டுத்தான இருந்தேன். வண்டி தண்ணி மாதிரிப் போச்சு. ஏன் பொய் சொல்றாருன்னு நினைச்சேன். அப்பறம், சொல்லட்டும்னு விட்டுட்டேன். எனக்கும் அது வசதியா இருந்துச்சு."

பால்காரர் மணி அடித்தார். நான் போய் வாங்கி வந்தேன்.

டிசம்பர் 29, திங்கள்

டாக்டரம்மா சின்ன வயது, பொறுமைசாலி. வேணியைப் படுக்க வைத்துக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். கையில் பிரஷ் முள் மாதிரி ஒரு நைலான் நூல். "இதால உள்ளங்கால்ல தொடுவேன். தொடறப்ப எல்லாம் 'ம்' சொல்லுங்க" என்றார்.

பெருவிரலில் தொட்டார். நூல் வளைந்தது. சுண்டுவிரல் பக்கம் தொட்டார். நடுப்பாதம். குதிகால். ஒவ்வொரு இடத்திலும் நூல் வளைந்து நிமிர்வதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்னொரு காலுக்குப் போனார். அங்கேயும் சுற்றி வந்தார்.

வேணி கண்ணை மூடியபடியே கேட்டாள். "ஆரம்பிச்சாச்சுங்களா?"

டாக்டரம்மா நூலைக் கீழே வைத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வலது பாதத்தில் ஒரு புண். அதிலிருந்து சுருள் சுருளாக ஒரு இரும்புத் துகளை எடுத்தார். எங்கள் கம்பெனித் துகள், என் ஷூவோடு வீட்டுக்குள் வந்தது. நவம்பரில் தரையில் நான் துடைத்தது குங்குமமில்லை. எலும்பு வரை போகவில்லை, தப்பித்தீர்கள் என்றார். மாத்திரை, டிரஸ்ஸிங், வீட்டுக்குள்ளும் செருப்பு. வண்டி ஓட்டக் கூடாது. போன உணர்ச்சி திரும்புமா என்று கேட்டேன். இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்போம் என்றார்.

ஜனவரி 1, வியாழன்

இனிமேல் ஷூவை வாசலுக்கு வெளியிலேயே விடுகிறேன். டிரஸ்ஸிங் நான்தான் செய்கிறேன். அழுத்தினால் வலிக்கிறதா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "வலிச்சா சொல்றேன்" என்று சிரித்தாள்.

ஜனவரி 4, ஞாயிறு

போட்டிக்கு வரவில்லை என்று எழுதிப் போட்டுவிடலாம் என்றேன்.

"பிளேட் டைப்பைத் திரும்ப மாட்டுங்க" என்றாள். "நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

"எனக்கு அதெல்லாம் வராது, வேணி."

"அன்னைக்கு வந்துச்சே."

"அன்னைக்கு யாரும் பாக்கல."

"நான் பாத்தேன்" என்றாள்.

ரியாஸுக்குப் போன் செய்தேன். எந்த இறுக்கத்துக்கு வைக்க என்று கேட்டான். போனை வேணியிடம் கொடுத்தேன். "முதல்ல வச்சதுக்கும் அப்பறம் தளர்த்துனதுக்கும் நடுவுல. இவரு கால் பயந்த கால், ரியாஸு. மெதுவாத்தான் மிதிக்கும். கொஞ்சம் இறுக்கமாவே இருக்கட்டும்" என்றாள்.

ஜனவரி 11, ஞாயிறு

பயிற்சி. அவள் சொல்லிக்கொடுக்கும் விதம் எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் ஒரு நாளும் அவளிடம் கற்றுக்கொள்ள உட்கார்ந்ததில்லை. திட்டுவதில்லை. "அவசரமில்லை", "கண்ணை வளைவு முடியற இடத்துல வைங்க" என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே வருகிறாள். நான் மூன்று தடவை வளைவுக்கு முன்னாலேயே பிரேக்கை அழுத்தி வண்டியை நிறுத்திவிட்டேன். பின்னால் தேயிலை டிராக்டர் ஹாரன் அடித்தது.

உடம்பெல்லாம் அடித்துப் போட்டது மாதிரி இருக்கிறது. பொங்கலுக்கு வெள்ளை அடிக்கவில்லை. இந்த வருடம் வேண்டாம்.

ஜனவரி 18, ஞாயிறு

இருபது வண்டிகளுக்கு மேல் வந்திருந்தன. எங்கள் முறை மதியத்துக்கு முன். ஹெல்மெட்டுக்குள் என் மூச்சே எனக்குக் கேட்டது. வேணி பெல்ட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டாள். கொடி இறங்கியது.

"மிதிங்க" என்றாள். மிதித்தேன்.

முதல் வளைவு. "விடுங்க. திருப்புங்க. இப்ப மிதிங்க, கொஞ்சம், இன்னும் கொஞ்சம்." பின்பக்கம் இரண்டு சக்கரமும் தரையைக் கவ்வி வண்டியை வளைவிலிருந்து முன்னே தள்ளின. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் ரோடு ஈரம். பின்பக்கம் நழுவியது. நான் பயந்து காலை முழுவதுமாக எடுக்கப் போனேன். "எடுக்காதீங்க. அப்படியே வைங்க" என்றாள், சமையல்கட்டிலிருந்து சொல்வது மாதிரி சாதாரணமாக. வைத்தேன். நழுவியது நின்றது. அதற்கப்புறம் அவள் சொல்வதற்கும் என் கால் செய்வதற்கும் நடுவில் நான் இருந்ததாகவே ஞாபகமில்லை.

மேலே போய் நிறுத்தினோம். அதுவரை ஏறியவர்களில் கடைசியிலிருந்து நான்காவது இடம். எட்டு சிலிண்டர் வண்டிக்கு இது கேவலம் என்று ஒரு பச்சைக் கார்க்காரர் கேலி பேசிவிட்டுப் போனார். அவருக்கு ஒன்றும் தெரியாது. நாங்களும் சொல்லவில்லை.

"மூணாவது வளைவுல பயந்துட்டீங்க" என்றாள்.

"ஆமா."

"நானும்தான்."

எஞ்சின் சூடு ஆறட்டும் என்று கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். வேணி தன் காலைப் பார்த்தாள். புது ஷூ, டாக்டரம்மா எழுதிக் கொடுத்தது. அப்புறம் என் காலைப் பார்த்தாள்.

"வழுக்குச்சே, அப்ப பெடல்ல எப்படித் தெரிஞ்சுது? சொல்லுங்க."

எனக்குப் பேச்சு சரளமாக வராது. தெரிந்தவரை சொன்னேன். முதலில் பெடல் அடியில் எறும்பு ஊர்வது மாதிரி. அப்புறம் தரை லேசாகிப் போவது மாதிரி, படி இருக்கிறதென்று கால் வைத்தால் படி இல்லாதது மாதிரி. அப்புறம் திரும்பப் பிடிக்கும்போது குதிகாலில் ஒரு தட்டு. இறங்கும் வழியிலும் சொல்லிக்கொண்டே வந்தேன். முதல் வளைவு எப்படி, இரண்டாவது எப்படி, ஈரத்தில் எப்படி. மலை அடிவாரச் செக்போஸ்ட் தாண்டும்போது தொண்டை வறண்டு நிறுத்தினேன்.

"அப்பறம்?" என்றாள்.